உள்ளூர் மாட்டின் விலை

2017 ஜூன் 7 அன்று ஓக்லஹோமா பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர் பாப் ஸ்டூப்ஸ் தம் ஓய்வை அறிவித்தார். பதினெட்டுப் பருவங்கள், 190 வெற்றிகள், 2000-ஆம் ஆண்டின் தேசியப் பட்டம் என்று நிறைந்த கணக்கு அவருடையது. அவர் இடத்துக்கு ஆள் தேடும் படலம் நடக்கவே இல்லை. அன்றைக்கே லிங்கன் ரைலியின் பெயரைச் சொல்லிவிட்டார்கள். இரண்டு ஆண்டுகளாகத் தாக்குதல் ஆட்டத்தை வகுத்துவந்த உதவிப் பயிற்சியாளர் அவர். வயது 33. அதுவரை எந்தக் கல்லூரி அணிக்கும் தலைமை ஏற்றதில்லை. பருவத்தின் முதல் ஆட்டத்துக்கு மூன்று மாதம்கூட மிச்சமில்லை. இங்கே கால்பந்து என்றால் நாம் காலால் உதைத்து ஆடுவதல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் வீசியும் ஆடும் அமெரிக்க ஆட்டம். அந்நாட்டின் பல மாநிலங்களில் அரசுச் சம்பளம் வாங்குவோரில் முதலிடம் கல்லூரிக் கால்பந்துப் பயிற்சியாளருக்குத்தான். நூறுக்கு மேற்பட்ட இளைஞர்களின் படிப்பு, உடல்நலம், எதிர்காலம் எல்லாம் அந்த ஒரு நாற்காலியைச் சுற்றியே சுழல்கின்றன. அப்படிப்பட்ட நாற்காலியை அனுபவமில்லாத இளைஞரிடம் கொடுக்கலாமா என்ற கேள்வி, உதவியாளர் ஒருவர் உயர்த்தப்படும்போதெல்லாம் எழுகிறது. என் வாதம் இதுதான்: வயதைப் பற்றிய அந்தக் கேள்வி நம்மைத் தவறான இடத்தில் தேடவைக்கிறது. அவர் கைக்கு என்ன வந்து சேர்கிறது, தம் ஆட்களைத் தாமே தேர்ந்துகொள்ள அவருக்கு உரிமை உண்டா, அவர் செய்யும் முதல் பிழைகளை நிர்வாகம் எத்தனை நாள் பொறுக்கும் என்ற மூன்றும்தான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

இதைச் சோதித்துப் பார்க்க ஓக்லஹோமாவைவிடப் பொருத்தமான இடம் இல்லை. எழுபது ஆண்டுகளில் அந்த ஒரே பல்கலைக்கழகம் இதே முடிவைத் திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறது. 1947-இல் ஜிம் டேட்டம் மேரிலாந்துக்குப் போனபோது, அவரிடம் ஒரே ஒரு பருவம் உதவியாளராக இருந்த பட் வில்கின்சனைத் தலைவராக்கினார்கள். அப்போது அவருக்கு வயது 30. பதினேழு ஆண்டுகளில் மூன்று தேசியப் பட்டங்கள் வந்தன. 1953 முதல் 1957 வரை தொடர்ந்து 47 ஆட்டங்களில் வெற்றி. அந்தத் தொடர்வெற்றியை இன்றுவரை எந்த முதல்தரக் கல்லூரி அணியும் எட்டவில்லை. 1967 ஏப்ரலில் ஜிம் மெக்கன்சி ஒரே பருவம் பணியாற்றிய நிலையில் 37 வயதில் மாரடைப்பால் இறந்தார். உதவியாளர் சக் ஃபேர்பேங்க்ஸ் 33 வயதில் அந்தப் பொறுப்புக்கு வந்தார். முதல் ஆண்டிலேயே பத்து வெற்றி, ஒரு தோல்வி. அவர் 1973-இல் தொழில்முறை அணிக்குப் போனதும் அடுத்த உதவியாளர் பேரி ஸ்விட்சர், வயது 35. அவர் கொண்டுவந்தவை மூன்று தேசியப் பட்டங்கள், 157 வெற்றிகள். ஆக, இந்த வெற்றிப் பட்டியலில் ரைலி நான்காமவர். அவர் ஐந்து பருவங்களில் 55 ஆட்டம் வென்று 10 தோற்றார். முதல் மூன்று பருவங்களிலும், அப்போது நான்கு அணிகள் மட்டும் ஆடிய தேசிய இறுதிச் சுற்றுக்கு அணியைக் கொண்டுபோனார். தாக்குதலைக் களத்தில் இயக்கும் குவார்ட்டர்பேக்காக அவரிடம் ஆடிய இருவர், சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் விருதை அடுத்தடுத்த ஆண்டுகளில் வாங்கினார்கள்.

இந்தப் பட்டியலை அதிர்ஷ்டம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் ஸ்விட்சரின் கதையைக் கிட்டப்போய்ப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 1970 பருவத்தின் தொடக்கத்தில் ஃபேர்பேங்க்ஸின் வேலையே ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் ஒரிகன் ஸ்டேட்டிடம் தோற்றபின் ஒரு வாரம் ஓய்வு. அந்த ஓய்வு வாரத்தில், தாக்குதலை வகுத்துவந்த ஸ்விட்சரின் வற்புறுத்தலால், அணி தன் ஆட்டமுறையையே மாற்றிக்கொண்டது. புதிய முறையின் பெயர் விஷ்போன். குவார்ட்டர்பேக்குக்குப் பின்னால் மூன்று ஓட்டக்காரர்கள் கோழியின் கவட்டெலும்பு வடிவில் நிற்பார்கள். பந்தைக் கொடுப்பதா, தானே ஓடுவதா, பக்கவாட்டில் வீசுவதா என்பதை எதிராளியின் அசைவைப் பார்த்துக் கடைசிக் கணத்தில் குவார்ட்டர்பேக் முடிவு செய்வார். இரண்டு ஆண்டுக்கு முன் அதை உருவாக்கியது பரம எதிரியான டெக்சஸ். புதிய முறையோடு ஆடிய முதல் ஆட்டமே அந்த டெக்சஸோடுதான். 41-9 என்று உதை வாங்கினார்கள். ஆனாலும் கைவிடவில்லை. அடுத்த ஆண்டு ஓக்லஹோமா ஆட்டத்துக்குச் சராசரியாக 472 கெஜம் ஓடியே கடந்தது. டெக்சஸை 48-27 என்று வென்றது. 1973-இல் ஸ்விட்சர் தலைமைக்கு வந்தபோது வெளியார் கண்ணுக்கு அவர் புதியவர். உள்ளே இருந்தவர்களுக்கோ அந்த இயந்திரத்தின் ஒவ்வொரு திருகும் அவர் கை பட்டது. பதவி மாறியது, ஆட்டம் மாறவில்லை. இளம் உதவியாளரை உயர்த்துவது பலிக்கும் இடங்களில் பெரும்பாலும் இந்த நிலைமைதான் இருக்கிறது: வெற்றிக்குக் காரணமான பொருள் ஏற்கெனவே அவர் கையில் இருக்கிறது. 2017-இல் ரைலிக்கும் அதுவே. குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டுக்குப் புதிய பாடம் எதுவும் படிக்கவேண்டியிருக்கவில்லை. பருவத்தின் இரண்டாவது ஆட்டத்தில் ஒஹையோ ஸ்டேட்டை அதன் சொந்த மைதானத்தில் 31-16 என்று வென்றார்கள்.

இதே ஓக்லஹோமா எதிர்ச்சாட்சியும் தருகிறது. அதை ஒளிக்கக் கூடாது. வில்கின்சன் 1964-இல் அமெரிக்க செனட் தேர்தலில் நிற்கப் போனபோது, முதல் நாளிலிருந்து அவருடைய வலக்கையாக இருந்த கோமர் ஜோன்ஸை உயர்த்தினார்கள். நாட்டின் தலைசிறந்த முன்வரிசைப் பயிற்சியாளர்களில் ஒருவர். அனுபவத்துக்குக் குறைவில்லை, வயது ஐம்பது. இரண்டு ஆண்டில் 9 வெற்றி, 11 தோல்வி, ஒரு சமநிலை. பதினேழு ஆண்டுகள் ஒருவருக்குத் துணைநின்ற அனுபவம், ஒரே ஆண்டு துணைநின்ற முப்பது வயதுக்காரர் சாதித்ததில் ஒரு பங்கைக்கூடச் சாதிக்கவில்லை. அனுபவம்தான் அளவுகோல் என்பவர்கள் இந்த ஒப்பீட்டுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். 1989-இல் ஸ்விட்சர் விலகியதும் 36 வயது கேரி கிப்ஸ் வந்தார். தடுப்பாட்டத்தை வகுத்தவர், உள்ளிருந்தே வளர்ந்தவர், இளைஞர். முன்னவர்களுக்கு இருந்த எல்லாத் தகுதியும் அவருக்கும் இருந்தது. ஆறு ஆண்டில் 44 வெற்றி, 23 தோல்வி, 2 சமநிலை. வேறு ஊரில் அது கௌரவமான கணக்கு, ஓக்லஹோமாவில் அது போதாது. டெக்சஸிடம் ஆறில் ஐந்து தோல்வி. முதல் மூன்றும் நான்கு புள்ளி, ஒரு புள்ளி, மூன்று புள்ளி வித்தியாசத்தில். கிப்ஸ் ஏன் ஸ்விட்சர் ஆகவில்லை? ஸ்விட்சர் வாங்கியது ஓடிக்கொண்டிருந்த வண்டி. கிப்ஸ் வாங்கியதோ விதிமீறலுக்காகத் தேசிய விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. தண்டித்திருந்த அணியை. உதவித்தொகை இடங்கள் வெட்டப்பட்டிருந்தன, பருவ முடிவுக் கோப்பை ஆட்டங்களுக்குத் தடை இருந்தது, வீரர்கள் சிலர் மீது கடுமையான குற்ற வழக்குகளும் இருந்தன. வீட்டைச் சுத்தம் செய் என்று சொல்லி உள்ளே அனுப்பிவிட்டு, விருந்து ஏன் தயாராகவில்லை என்று கேட்டார்கள். அதை இளமையின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

கிப்ஸுக்குப் பிறகு ஓக்லஹோமா வெளியே போய்ப் பார்த்தது. மயாமிக்கு 1983-இல் தேசியப் பட்டம் வாங்கித்தந்த ஹோவர்ட் ஷ்னெலன்பெர்கர் அறுபது கடந்த வயதில் வந்தார். ஒரே பருவம், ஐந்து வெற்றி, ஐந்து தோல்வி, ஒரு சமநிலை, வெளியேற்றம். அடுத்து ஜான் பிளேக். ஓக்லஹோமாவில் ஆடியவர், உதவியாளராக இருந்தவர், ஆனால் டாலஸ் தொழில்முறை அணியிலிருந்து அழைத்துவரப்பட்டவர். முப்பதுகளின் நடுவில் இருந்த அவர், ஆட்டத்தின் எந்தப் பாதியையும் தனிப்பொறுப்பில் வகுத்ததில்லை. மூன்று ஆண்டில் 12 வெற்றி, 22 தோல்வி. இளமைக்காகவே ஒருவரைத் தேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைத்தான் காட்டவேண்டும். ஆனால் அவர் சேர்த்த வீரர்கள் பலர் 2000-இல் பட்டம் வென்ற அணியில் இருந்தார்கள் என்பதையும் சொல்லாமல் விடுவது பிழை. வீரர்களைக் கண்டுபிடிக்கும் திறமை அவரிடம் இருந்தது; அவர்களை ஆட்டத்தில் பொருத்தும் கருவி கையில் இல்லாமல் தலைமைக்கு வந்தார்.

இந்த இடத்தில் முதல் மறுப்பு வரும்: உயர்த்தப்பட்டவர்கள் வெல்வது முன்னவர் சேர்த்துவைத்த வீரர்களால்தானே? மயாமியில் 2001-இல் லாரி கோக்கர் உதவியாளராக இருந்து தலைவரானார், தோல்வியே இல்லாமல் பட்டம் வென்றார், பிறகு ஆண்டுக்கு ஆண்டு சரிந்து 2006-இல் நீக்கப்பட்டார். உண்மைதான். ஆனால் முன்னவர் விட்டுப்போன செல்வம் பெட்டியில் பூட்டிவைக்கும் தங்கமல்ல, வெயிலில் வைத்த பால். அதைக் கெடாமல் காப்பதே ஒரு வேலை. இன்றைக்கு அந்த வேலை பல மடங்கு கடினமாகிவிட்டது. 2018-இல் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற பெயர்ப்பதிவு முறை வந்தது. 2021 முதல் வீரர்கள் ஒருமுறை பல்கலைக்கழகம் மாறினாலும் ஓராண்டு உட்கார்ந்திருக்கத் தேவையில்லாமல் போனது. தலைமைப் பயிற்சியாளர் மாறினால் வீரர்கள் வெளியேறத் தனி அவகாசமும் உண்டு. 2021 நவம்பரில் ரைலி கலிஃபோர்னியாவின் யு.எஸ்.சி.க்குத் தாவியபோது ஓக்லஹோமாவின் இளம் குவார்ட்டர்பேக் கேலப் வில்லியம்ஸும் அவர் பின்னாலேயே போனார். அடுத்த ஆண்டே அங்கே ஹைஸ்மன் வாங்கினார். 2024 ஜனவரியில் அலபாமாவில் தலைமைப் பயிற்சியாளர் நிக் சேபன் ஓய்வு பெற்றதும் வெளியிலிருந்து ஆள் வந்தார். நாட்டின் சிறந்த இளம் தடுப்பாளர்களில் ஒருவரான அலபாமாவின் கேலப் டவுன்ஸ் ஒஹையோ ஸ்டேட்டுக்குப் போய், அந்தப் பருவமே தேசியப் பட்டம் வென்ற அணியில் நின்றார். வீரர்களின் நம்பிக்கையை ஏற்கெனவே பெற்ற ஒருவர் உள்ளேயே இருக்கும்போது, அவரைத் தாண்டி வெளியே தேடுவதற்கு இன்று கொடுக்கவேண்டிய விலை 1973-இல் இருந்ததைவிடப் பல மடங்கு. உள்ளூர் மாடு விலைபோகாது என்பார்கள். வாங்க வருபவன் அதன் குறைகளை அறிந்தவன் என்பதால்தான் அந்தப் பழமொழி. நிறைகளையும் அவனே அறிவான் என்பதை நியமனக் குழுக்கள் மறந்துவிடுகின்றன.

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. ஒருங்கிணைப்பாளர் என்கிற உதவியாளரின் வேலை வேறு, தலைவரின் வேலை வேறு. ஒருவர் ஆட்டத்தின் ஒரு பாதியை வகுக்கிறார். மற்றவர் நேரத்தைக் கணக்கிட வேண்டும், மாற்று வீரர்கள் சரியாக இறங்குகிறார்களா என்று பார்க்க வேண்டும், வீரர்களைச் சேர்க்கத் தாய்மார்களோடு சமையலறை மேசையில் உட்கார்ந்து பேச வேண்டும், நன்கொடையாளர்களையும் பத்திரிகையாளர்களையும் சமாளிக்க வேண்டும். இதற்கு நாட்டர் டேமின் மார்கஸ் ஃப்ரீமன் தெளிவான சாட்சி. 2021 டிசம்பரில் பிரையன் கெல்லி லூயிசியானா ஸ்டேட்டுக்குப் போனதும், ஒரே பருவம் தடுப்பை வகுத்த ஃப்ரீமனை 35 வயதில் உயர்த்தினார்கள். முதல் ஆட்டத்தில் 28-7 என்று முன்னிலை பெற்று ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 37-35 என்று தோற்றார். அடுத்து ஒஹையோ ஸ்டேட். அதற்கடுத்து, சொந்த மண்ணில், மார்ஷல் என்ற சிறிய பல்கலைக்கழகம். நாட்டர் டேமின் வரலாற்றில் முதல் மூன்று ஆட்டங்களையும் தோற்ற முதல் பயிற்சியாளர் அவர்தான். 2023 செப்டம்பர் 23 இரவு நடந்தது இன்னும் கசப்பானது. ஒஹையோ ஸ்டேட்டோடு 14-10 என்று முன்னிலை. எதிரணி கோட்டுக்கு ஒரு கெஜம் முன்னால் நிற்கிறது. மிச்சமிருப்பவை சில நொடிகள். எதிரணியின் கடைசி இரண்டு முயற்சிகளிலும் நாட்டர் டேமின் தடுப்பில் பதினொரு பேருக்குப் பதில் பத்துப் பேர்தான் மைதானத்தில் இருந்தார்கள். பதினோராவது ஆள் நிற்கவேண்டிய இடைவெளியின் பக்கமாகவே பந்து உள்ளே போனது. ஒரு நொடி மிச்சமிருக்கையில் ஆட்டம் 17-14 என்று கைமாறியது. பத்துப் பேரை நிறுத்தியது வியூகத்தின் பிழையல்ல, எண்ணிக்கையின் பிழை. பொறுப்பு முழுக்கத் தலைவருடையது. அனுபவசாலி ஒருவர் தண்டனையை ஏற்றாவது ஆளை இறக்கியிருப்பார் என்று சொன்னவர்கள் சரியாகத்தான் சொன்னார்கள்.

ஆனால் அந்த இரவோடு கணக்கை மூடியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அடுத்த பருவத்தின் இரண்டாவது ஆட்டத்தில் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று தோற்றதும், இவர் தேறமாட்டார் என்ற குரல்கள் மறுபடி ஓங்கின. அந்தத் தோல்விக்குப் பிறகு நாட்டர் டேம் தொடர்ந்து பதின்மூன்று ஆட்டம் வென்று 2025 ஜனவரி 20 அன்று தேசிய இறுதி ஆட்டத்தில் நின்றது. அந்த மேடையை எட்டிய முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் ஃப்ரீமன். எதிரே நின்ற ரையன் டேயும் உயர்த்தப்பட்ட உதவியாளர்தான். 2018-இல் தலைமைப் பயிற்சியாளர் அர்பன் மேயர் இடைநீக்கத்தில் இருந்த மூன்று ஆட்டங்களை நடத்திக்காட்டி, 39 வயதில் ஒஹையோ ஸ்டேட்டைப் பெற்றவர். அன்று 34-23 என்று வென்றதும் அவரே. நாட்டின் உச்ச ஆட்டத்தில் இரு பக்கமும் உள்ளிருந்து எழுந்தவர்களே நின்றது தற்செயலாகத் தோன்றலாம். இருவரையும் இடையில் நீக்கச் சொல்லிக் கூச்சல் எழுந்ததும், நிர்வாகம் அசையாததும் தற்செயல் அல்ல.

பொறுமை என்பதை நான் வெறும் காத்திருப்பு என்ற பொருளில் சொல்லவில்லை. கிளெம்சனின் டாபோ ஸ்வின்னியைப் பாருங்கள். 2008 அக்டோபரில் பருவத்தின் நடுவே டாமி பௌடன் விலகியபோது, பந்து பிடிப்போருக்குப் பயிற்சி தந்துகொண்டிருந்த ஸ்வின்னியிடம் தற்காலிகப் பொறுப்பு வந்தது. வயது 38, ஒருங்கிணைப்பாளராகக்கூட இருந்ததில்லை, இடையில் இரண்டு ஆண்டு பயிற்சித் தொழிலையே விட்டு மனை வணிகத்தில் இருந்தவர். பிளேக்கைப் போலவே இவரும் சறுக்கியிருக்க வேண்டியவர். பொறுப்பேற்றவுடனே அவர் செய்த காரியம் தாக்குதல் ஒருங்கிணைப்பாளரை நீக்கியது. 2010-இல் 6 வெற்றி, 7 தோல்வி. விளையாட்டுத் துறை இயக்குநர் டெரி டான் ஃபிலிப்ஸ் அவரைக் கைவிடவில்லை. தம் ஆட்களை மாற்றிக்கொள்ளவும் விட்டார். ஓராண்டுக்கு முன்புவரை டெக்சஸில் பள்ளிக்கூட அணி நடத்திவந்த சாட் மோரிஸ் தாக்குதலுக்கு வந்தார். அடுத்த பருவமே, இருபது ஆண்டுக்குப் பின், மாநாடு எனப்படும் பல்கலைக்கழகக் கூட்டணியின் பட்டம். அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தில் வெஸ்ட் வர்ஜீனியாவிடம் 70-33 என்று நொறுங்கியதும், தடுப்புக்கு ஓக்லஹோமாவிலிருந்து பிரென்ட் வெனபிள்ஸை அழைத்துவந்தார். 2016, 2018 பருவங்களின் தேசியப் பட்டங்கள் அந்தக் கைகோப்பில் வந்தவை. பிளேக்குக்குக் கருவியும் இல்லை, அதைத் தேடிக்கொள்ள அவகாசமும் இல்லை. ஸ்வின்னிக்குக் கருவி இல்லை, அவகாசம் இருந்தது.

ஆள் தேர்வு உரிமை எவ்வளவு பெரியது என்பதை ரைலியின் குறையே சொல்கிறது. அவர் பெற்ற சொத்தில் தடுப்பு ஒருங்கிணைப்பாளரும் அடக்கம். அவர் முன்னவரின் உடன்பிறந்த மைக் ஸ்டூப்ஸ். முப்பத்துமூன்று வயதுக்காரர், தமக்கு வாழ்வளித்தவரின் தம்பியை எப்படி வெளியே அனுப்புவார்? 2018 அக்டோபரில் டெக்சஸிடம் 48-45 என்று தோற்றபின்தான் அது நடந்தது. அதற்குள் ஒரு முழுப் பருவம் போயிருந்தது. தேசிய அரையிறுதிகளில் ஓக்லஹோமா விட்டுக்கொடுத்த புள்ளிகள் 54, 45, 63. தாக்குதல் அவருடையது, அது நாட்டிலேயே முதல்தரம். தடுப்போ மரியாதைக்காக வைத்துக்கொண்ட பழைய சாமான். வாஷிங்டனில் ஜிமி லேக் இதன் மறுபக்கம். 2019 முடிவில் கிறிஸ் பீட்டர்சன் இறங்கியதும் தடுப்பாட்ட நிபுணரான அவரை உயர்த்தினார்கள். தாக்குதலுக்கு அவர் தேர்ந்தவரை 2021 நவம்பரில் நீக்கவேண்டி வந்தது. அதே மாதம் லேக்கும் போனார். மொத்தம் பதின்மூன்று ஆட்டம், ஏழு வெற்றி. மைதான ஓரத்தில் தம் வீரர் ஒருவரிடம் கைநீட்டியதற்காக இடைநீக்கம் பெற்றிருந்தார். அது தனிக் குற்றம், அதற்கு வயது சாக்காகாது. இந்த விஷயத்தில் ஃப்ரீமன் புத்திசாலி. தம் துறையான தடுப்பை, டெம்பிளிலும் மயாமியிலும் தலைவராக இருந்த அல் கோல்டனிடம் ஒப்படைத்தார். தமக்கு இல்லாத அனுபவத்தைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார்.

அவசரத்தில் உயர்த்துவது பற்றிய எச்சரிக்கையை நான் முழுதாக ஏற்கிறேன். 2008 ஜனவரி 2 அன்று வெஸ்ட் வர்ஜீனியாவின் தற்காலிகப் பயிற்சியாளர் பில் ஸ்டூவர்ட் ஓக்லஹோமாவை 48-28 என்று வென்றார்; மறுநாளே நிரந்தரமாக்கிவிட்டார்கள். மூன்று ஆண்டும் ஒன்பது வெற்றி, நான்கு தோல்வி. மோசமில்லை, ஆனால் அவருக்கு மேலே ஒரு வாரிசை நியமித்து வெளியேற்றும் நிலை வந்தது. ஒரு நல்ல இரவு உணர்ச்சியைக் காட்டும், திறமையைக் காட்டாது. அதைவிட ஆழமான எச்சரிக்கை நார்த்வெஸ்டர்னிலிருந்து வருகிறது. 2006 ஜூனில் ராண்டி வாக்கர் திடீரென இறந்தார். அங்கேயே ஆடி வளர்ந்த பாட் ஃபிட்ஸ்ஜெரால்டு 31 வயதில் தலைவரானார், அன்றைய முதல்தரக் கல்லூரிப் பயிற்சியாளர்களில் மிக இளையவராக. முதல் பருவம் நான்கே வெற்றி, பொறுத்தார்கள், பதினேழு ஆண்டில் 110 வெற்றி. 2023-இல் புது வீரர்களை இழிவுபடுத்தும் சடங்குகள் பற்றிய விசாரணைக்குப் பின் அவரை நீக்கினார்கள். அவை தமக்குத் தெரியாது என்பதே அவர் நிலை; வழக்கு 2025-இல் சமரசமாயிற்று. உள்ளிருந்தே வருபவர் உள்ளே இருக்கும் கெட்டதையும் இயல்பென்று எடுத்துக்கொள்ளக்கூடும் என்ற அச்சம் நியாயமானது. வீடு நோயுற்றிருந்தால் வீட்டுப்பிள்ளையிடம் மருந்து கேட்கக் கூடாது. கிப்ஸுக்கு நடந்த அநீதியும் அங்கேதான் தொடங்கியது. ஆனால் நார்த்வெஸ்டர்ன் அடுத்து என்ன செய்தது என்றும் பார்க்க வேண்டும். அந்த ஆண்டு ஜனவரியில்தான் வந்து சேர்ந்த தடுப்பு ஒருங்கிணைப்பாளர் டேவிட் பிரானிடம், 38 வயதில், அணியைக் கொடுத்தது. வீரர்களுக்கு முகம் தெரிந்தவர், பழைய கணக்கு எதுவும் இல்லாதவர். எட்டு வெற்றி, ஐந்து தோல்வி. பெரிய பத்து மாநாட்டின் சிறந்த பயிற்சியாளர் பட்டம்.

பட்டம் வென்ற அனுபவசாலியை வாங்கினால் பாதுகாப்பு என்பவர்களுக்கு டெக்சஸ் ஏ அண்ட் எம் தந்த விலைச்சீட்டு போதும். 2013-இல் ஃபுளோரிடா ஸ்டேட்டோடு பட்டம் வென்ற ஜிம்போ ஃபிஷரை அழைத்துவந்து, 2023 நவம்பரில் அவரை அனுப்பிவைக்க 7.5 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டார்கள். அந்தத் தொகையில் ஓர் இளைஞரின் எத்தனை பிழைகளைப் பொறுத்திருக்கலாம்!

மிஞ்சுவது அந்த மனிதரைப் பற்றிய கேள்வி. காலத்துக்கு முன் உயர்த்தித் தோற்றவருக்குத் திரும்பிப் போக இடமில்லை. நல்ல உதவியாளரையும் இழந்து, தலைவரையும் இழக்கிறோம் என்பது உண்மையான வருத்தம். இன்றைய ஒப்பந்தங்கள் பணத்தை எழுதுகின்றன, இடத்தை எழுதுவதில்லை. ஓக்லஹோமா ஒருகாலத்தில் இதற்கும் வழி வைத்திருந்தது. 1964-இல் கோமர் ஜோன்ஸுக்குப் பயிற்சியாளர் பதவியோடு விளையாட்டுத் துறை இயக்குநர் பதவியையும் கொடுத்தார்கள். 1965 பருவம் முடிந்ததும் அவர் பயிற்சியிலிருந்து விலகினார். இயக்குநர் அறையிலிருந்து யாரும் அவரை எழுப்பவில்லை. 1967 வசந்தத்தில் மெக்கன்சி இறந்து, 33 வயது ஃபேர்பேங்க்ஸிடம் அணி போனபோது, அந்த அறையில் இருந்தவர் ஜோன்ஸ்தான். 1971-இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார்.